அசீசாவின் எழுத்தறை

ஜன்னலுக்கு இரண்டாவது மறைப்பும் அடித்தாகிவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கிய ஷிஹாப் வீதிக்குப் போய், உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒன்டும் தெரியல்ல," என்றான் திருப்தியாக.

அசீசாவுக்கு எரிச்சல் வந்தது. எதிரே தெரியும் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டே எழுதலாம் என்றிருந்தாள். நாவல் எழுத ஓர் அறை கேட்டால் மனிதன் சிறைச்சாலை கட்டுகிறான்.

முப்பதே நாளில் ஐம்பதாயிரம் சொற்களில் ஒரு நாவல். நவம்பர் மாதத்துக்கென்று முகநூல் குழு ஒன்று விட்டிருந்த சவால் அது. தலவாக்கலை பஜாரில் புருஷன் ஷிஹாபோடு புடவைக்கடை நடத்தும் அசீசா, பதினொரு வருஷமாக மனதில் சுமக்கும் கதையை இந்த முறை எழுதியே தீருவது என்று பெயர் கொடுத்திருந்தாள். இதுவரை அவள் பேனாவை எடுத்த போதெல்லாம் யாராவது வந்து இரண்டு மீற்றர் பாவாடைத் துணி கேட்டார்கள்.

"கதை எழுதி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று இத்தனை காலமும் கேட்ட ஷிஹாப், போன மாதம் திடீரென்று மாறிப்போனான். கடையைப் பார்க்கத் தன் தங்கை ஸஹ்லாவைக் கூட்டி வந்தான். முன் ஹோலைத் தாண்டாமல் குளியலறைக்குப் போக அறைக்குள்ளிருந்தே ஒரு கதவு வைத்தான். பிறகு மேசை வந்தது, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக் கேத்தல் வந்தது, எழுதக் கட்டுக் கட்டாகக் கொப்பிகள் வந்தன.

"முப்பது நாளைக்கு இவ்வளவு கொப்பி என்னத்துக்கு?"

"முப்பது நாள் ஒனக்குக் காணாது. நாலு மாசமாவது வேணும்."

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. சரக்கெடுக்க என்று வாரா வாரம் கண்டிக்குப் போகிறவன் வெறுங்கையோடு திரும்புகிறான். கேட்டால் டிசைன் சரியில்லையாம். போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். ஸஹ்லாவிடம் விசாரித்தால், துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இனியும் பொறுக்க முடியாது என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"கண்டில யாரு?"

ஷிஹாப் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"எனக்கு இந்த அறையும் வேணாம், நாவலும் வேணாம். இருவத்திரெண்டு வருஷம் ஒங்களோட வாழ்ந்தவ நான். நாலு மாசம் என்னைய இதுக்குள்ள அடைச்சு வச்சிட்டு வெளிய யாரோட வாழப் போறீங்க?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவன் கட்டிலில் உட்கார்ந்தான். ஆணி அடித்ததில் மூச்சு வாங்கியது. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"கண்டில இருக்கிறது கேன்சர் டொக்டர். நவம்பர்ல என்னையப் பாக்கவே ஒனக்கு நேரம் சரியாப் போயிரும்," என்றான்.

அவள் மறைப்பு அடித்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் மௌத்தான பொறகு நாலு மாசமும் பத்து நாளும் வெளிய போகாம, பிற ஆம்பளைங்க கண்ணுல படாம இத்தா இருப்பியே, அப்ப எழுது."