கடன்பட்ட கால்சட்டை

இடுப்பு அறுத்தது. மச்சானிடம் இரவல் வாங்கிய கால்சட்டை. பொத்தானைப் போடுவதற்குள் டைல்ஸ் மேஸ்திரிக்கு மூச்சே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் வயிறு பிதுங்கியது, எழுந்தால் தொடை இழுத்தது.

"என் தம்பி அளவு வேற, உங்க அளவு வேற. வயித்த எங்க கழட்டி வச்சிட்டுப் போகப் போறீங்க?" என்று காலையிலேயே மனைவி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் பள்ளிக்கூடத்துச் சீட்டு இருந்தது: 'தந்தை நேரில் வரவும்.'

எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

எட்டு வருடமாக அவன் பாவாடைதான் கட்டுகிறான். நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் குந்தியிருக்கும் வேலை. கால்சட்டையின் தையல் முழங்கால் மடிப்பைத் தின்று புண்ணாக்கிய ஒரு நாளில், மனைவியின் பழைய பாவாடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். புண் ஆறிய பிறகும் கழற்ற மனம் வரவில்லை. லீவு நாளிலும், கடைக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் அதுதான். கெண்டைக்கால் வரை இறங்கும் கருநீலத் துணியில் டேப்புக்கும் நூலுக்கும் இரண்டு பை தைத்து வைத்திருந்தான்.

வேலை நடக்கும் இடத்தில் கிண்டல் செய்யாதவன் இல்லை. "பாவாடை மேஸ்திரி வந்துட்டாருடா!" என்பார்கள். "நான் போட்ட தரையில ஒரு நூல் அளவுக்கு மேடு பள்ளம் இருந்தா காட்டு. பாவாடையப் பத்தி அப்புறம் பேசலாம்" என்பான். குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் போன வாரம் அந்தப் பதில் உதவவில்லை. மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் பள்ளி வாசலுக்கு வந்திருந்தான். உள்ளேயிருந்து மூன்று பையன்கள் அவனைப் பார்த்து விசிலடித்தார்கள். ஒருவன் தன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டிக் காட்டினான். மகள் ஓடி வந்து டப்பாவைப் பிடுங்கினாள். அப்பா முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவள் தலை நிமிராமல் வீட்டுக்கு வந்தாள். டப்பா ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "கீழ விழுந்துருச்சு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. பெற்ற பெண் தன்னை நினைத்துக் கூனிக் குறுகுகிறாள் என்று அவனுக்கு உறைத்தது. பாவாடைகளை மடித்துப் பெட்டிக்குள் போட்டது அன்றைக்குத்தான்.

"மேஸ்திரி! ஆளே அடையாளம் தெரியல. இதென்ன புது வேஷம்?" பெஞ்சில் இருந்தவனின் தோளைத் தட்டிவிட்டு வாட்ச்மேன் போனார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளிருந்து மணி அடித்தது. தலைமை ஆசிரியை அறைக்குள் போனான். பீரோவை ஒட்டி மகள் நின்றிருந்தாள். அவன் காலைப் பார்த்தாள். அப்புறம் பார்வையை எடுக்கவே இல்லை.

"உட்காருங்க. உங்க பொண்ணு விஷயமா..."

"நானே சொல்லிடறேன் மேடம்." நின்றபடியே கையைக் கட்டிக்கொண்டான். "தப்புதான். ஆம்பள போடற துணியா அது? எனக்கே இப்ப அசிங்கமா இருக்கு. இனிமே இந்த வாசல்ல அப்படி நிக்க மாட்டேன். வீட்டுலயும் போட மாட்டேன். புள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "எந்தத் துணி? நீங்க என்ன போட்டா எனக்கென்ன? அதுக்கா கூப்பிட்டேன்?"

"பின்ன?"

"மூணு பசங்கள அடிச்சிருக்கா. அன்னைக்கு உங்ககிட்ட டப்பாவ வாங்கினதும் நேரா அவனுங்ககிட்டதான் போயிருக்கா. அந்த டப்பாவாலயே போட்டிருக்கா. ஒருத்தனுக்குப் பல்லு ஆடுது."

மேஸ்திரி மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அடிக்கறப்ப என்ன கத்தினா தெரியுமா? 'எங்கப்பாவுக்குப் புடிச்சத எங்கப்பா போடறாரு. அவரு எவனுக்கும் பயப்பட மாட்டாரு'ன்னு. பள்ளிக்கூடமே கேட்டுச்சு." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசையில் நகர்த்தினார். "அவனுங்க சிரிச்சது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டானுங்க. இவ அடிச்சது தப்புன்னு எழுத மாட்டேங்கறா. இன்னைக்கும் எழுதலன்னா ஒரு வாரம் வெளிய நிக்க வேண்டியதுதான். நீங்களாவது சொல்லுங்க."

காது மடலெல்லாம் அவனுக்குக் கொதித்தது. கால்சட்டையைக் கழற்றிக் கடாசிவிட்டு அப்படியே ஓடிவிடலாம் போலிருந்தது. வேறு வழி தெரியாமல் தாளை எடுத்து மகளிடம் நீட்டினான்.

"ரெண்டு வரிதானே, எழுதிடும்மா. என் தங்கம்ல."

அவள் தாளை வாங்கவில்லை. மேசையிலிருந்த பேனாவை மட்டும் எடுத்தாள். சிமெண்ட் அரித்த அவன் விரல்களைப் பிரித்து அந்தப் பேனாவை வைத்து மூடினாள்.

"எனக்குத்தான் நீ ஒரு மன்னிப்பு பாக்கிப்பா. எழுது."