கொம்பில் கட்டிய துணி

மாதனூர் பால் சொசைட்டி வாசலில் காலை வெயில். ஹேமலதாவின் தூக்குவாளியை வாங்கிய ஜெயசீலன், ஊர்ப்பால் நிறைந்த கேனில் அதைச் சாய்க்கப் போகிறார். “இன்னாம்மா, இன்னிக்குப் பாலு ஜாஸ்தியா இருக்கு?” அவள் சட்டென்று வாளியைப் பற்றுகிறாள். பின்னால் நிற்கும் கணவனிடம் திரும்புகிறாள். “செவலை மாட்டையும் கறந்துட்டீங்களா? நேத்து டாக்டர் ஊசி போட்டாரே. அஞ்சு நாளைக்கு அது பாலை ஊத்தக்கூடாதுன்னுதானே கொம்புல சிவப்புத் துணி கட்டினேன்?”

“திருஷ்டிக்குன்னு நெனச்சேன்” என்கிறான். வரிசை சிரிக்கிறது.

அவள் வேலியோரம் போய் வாளியைக் கவிழ்க்கிறாள். வெள்ளை மெல்லப் பரவுகிறது. தெருநாய் ஒன்று மோப்பம் பிடித்து வருகிறது. அவள் ஏறவேண்டிய ஷூ கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. மண் பாலை உறிஞ்சி முடிக்கும்வரை, நாயை விரட்டியபடி அங்கேயே நிற்கிறாள்.