அரைக்கால் அங்குலம்

"கொம்பை மேசை மேல வை. கையை எடு," என்றார் ஆர்வின்.

வெஸ்லி வைத்தான். கையையும் எடுத்தான். இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவன், வேறு என்ன செய்வான்?

அடுப்படியில் நின்ற மார்லீன் பெருமூச்சு விட்டாள். விஸ்கான்சினில் மற்ற வீடுகளில், வருகிற பையனிடம் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்பார்கள். அவள் வீட்டில், அவன் சுட்ட மானின் கொம்பை எஃகு நாடா பிடித்து அளந்து, மார்க் போட்ட பிறகுதான் மறுபேச்சு.

எல்லாம் கணவரின் கிறுக்கு. ஊர் மதுக்கடைச் சுவரில், பெரிய கொம்புக்காரர் என்று பல வருஷமாக ஆர்வின் பெயர்தான் தொங்குகிறது. கிளைகளையெல்லாம் கூட்டி மொத்தம் நூற்றைம்பத்திரண்டு அங்குலம். அதைக் கும்பிடாத குறைதான்.

மகள் ஹெய்டியைத் தேடி வந்த முதல் பையனின் கொம்பு நூறைத் தாண்டவில்லை. "இது கொம்பா, சீப்பா?" என்று கேட்டே அனுப்பிவிட்டார். இரண்டாவது பையன் வெளியூர்க்காரன், ஊர்ச் சுவரில் பெயர் ஏறாது; ஆனாலும் அவனுடையது நூற்றைம்பத்தாறு. அவன் பூட்ஸ் காலோடு கம்பளத்தை மிதித்தான் என்று ஒரு காரணம் கிடைத்தது.

"இவனையும் விரட்டினா, இவனோடயே டெக்சஸ் போயிடுவேம்மா. கிறிஸ்துமஸுக்குக்கூட இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்," என்று ஹெய்டி காலையிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண்.

ஆர்வின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல, ஹெய்டி கால்குலேட்டரில் தட்டினாள்.

"இடது பக்கம் ரெண்டாவது கிளை, பதினொண்ணு. வலது பக்கம், பத்தே கால். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்லேன்னா வித்தியாசத்தையும் கழிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"மானுக்கும் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

கடைசிக் கூட்டலைப் பார்த்துவிட்டு ஹெய்டி மெதுவாகச் சொன்னாள். "கழிவெல்லாம் போக, நூத்தம்பத்திரண்டுக்கு அரைக்கால் அங்குலம் குறைச்சல்ப்பா."

ஆர்வினின் முகம் கல்யாண வீடாகிவிட்டது.

"அடடா, அரைக்கால்ல கோட்டை விட்டியே தம்பி. நல்ல மான். அருமையான மான். மார்லீன், அந்த பிராந்தியை எடு."

மார்லீன் ஊற்றினாள். மனதுக்குள் கர்த்தருக்கு நன்றியும் சொன்னாள். அதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

கொம்பைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்த ஆர்வின், தன் விரலைப் பார்த்தார். பழுப்பாக இருந்தது. முகர்ந்தார். காப்பி.

ஈரத் துணியால் வலது பக்கக் கிளையின் நுனியைத் தேய்த்தார். சாயம் போய், வெள்ளை வெளேரென்று எலும்பு தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோடு கோடாகக் கீறல்கள்.

"அரம் போட்டிருக்க. அதை மறைக்கக் காப்பிச் சாயம் வேற பூசியிருக்க. அப்படித்தானே?"

வெஸ்லி தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா சார்."

பிராந்திக் கோப்பை வெஸ்லியின் முன்னாலிருந்து ஆர்வின் பக்கம் நகர்ந்தது.

"என் வீட்டுக்கே வந்து, என் மேசை மேலயே மோசடி பண்றியா? அளவுல பொய் சொல்றவன் வாழ்க்கையிலயும் பொய் சொல்லுவான். இவனையா நீ கட்டிக்கப் போற ஹெய்டி?"

ஹெய்டி எழுந்து கோட்டை எடுத்தாள். டெக்சஸுக்கே புறப்பட்டுவிட்ட முகம். மார்லீனுக்கு உயிரே போயிற்று. பையனை நாலு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"ஏங்க, ஒரு சந்தேகம். அரத்தால ராவினா கொம்பு வளருமா, குறையுமா?"

ஆர்வின் கொம்பின் நுனியை மறுபடி பார்த்தார்.

"எதுக்குப்பா ராவின?" என்று அவள் வெஸ்லியிடமே கேட்டாள்.

"நூத்தம்பத்தாறு கொண்டுவந்த பையன் கதையை ஹெய்டி சொன்னா," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "வீட்டுலயே அளந்து பார்த்தேன். சாருடையதைவிடக் கொஞ்சம் கூட வந்துச்சு. அதான் ஒரு பக்கம் மட்டும் முக்கால் அங்குலம் எடுத்தேன்."

ஒரு பக்கம் மட்டும். மொத்தத்தில் முக்கால் போகும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்று இன்னொரு முக்கால் போகும். ஆர்வினுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் உதடு அசைந்தது. அந்த ஒன்றரையைத் திருப்பிப் போட்டால் கொம்பு நூற்றைம்பத்து மூன்றையும் தாண்டும். மதுக்கடைச் சுவரில் வேறு பெயர்தான் தொங்கும்.

அவர் கொம்பைப் பார்த்தார். வெஸ்லியைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கிற கொம்பைத்தான் அளக்கணும். இருந்த கொம்பை அளக்க விதியில இடமில்ல," என்றார்.

"மோசடின்னீங்களே?" மார்லீன் விடவில்லை.

"கூட்டிக் காட்டினாத்தான்டி மோசடி. குறைச்சுக் காட்டினா அதுக்குப் பேரு மரியாதை."

பிராந்திக் கோப்பை மறுபடியும் வெஸ்லியின் பக்கம் நகர்ந்தது. கூடவே ஒரு தட்டு சீஸும் போயிற்று.

"அடுத்த வருஷம் வேட்டைக்கு நாம சேர்ந்தே போவோம், மாப்பிள்ளை," என்றார் ஆர்வின். "வரும்போது அந்த அரத்தை மட்டும் மறந்துடாதீங்க."