மூன்று வருடம் ஒழுகிய குழாய்

"ஒரு சொட்டுகூட ஒழுகல, லெஸ்! வந்து பாரேன்!" காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கேரவனின் சமையல் மேடையில் புதுக் குழாயை மாட்டிவிட்டுக் குதித்தாள் டோரீன். "குழாய் ஒழுகுதுன்னு மூணு வருஷமா பயணத்தைத் தள்ளிப்போட்டியே, இன்னிக்கே ஹார்வி பே கடற்கரைக்குக் கிளம்பறோம்!"

அவள் கணவன் தலையைச் சொறிந்தான். "டயரையும் ஒரு தடவை..."

"பார்த்தாச்சு. பழைய குழாயையும் பிரிச்சுப் பார்த்தேன். உள்ள வாஷரே இல்ல. அது உன் தூண்டில் பெட்டியில கிடக்குது!"

லெஸ்ஸின் முகம் சிவந்தது. "கேரவனை ரிவர்ஸ் எடுத்து நிறுத்த எனக்கு வராது, டோரீன். அங்க கேரவனெல்லாம் நிறுத்தித் தங்கற பார்க்குல அத்தனை பேரும் நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பார்ப்பாங்க."

"இவ்வளவுதானா?" கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள் டோரீன். "நான் நிறுத்தறேன். நீயும் ஒரு நாற்காலி போட்டுக்கோ!"