டிஸ்க் தூங்கும் நேரம்
கென்யாவின் எல்டோரெட் நகரப் பணிமனையில், மூடி கழற்றிய கணினிக்குள் ஹார்டு டிஸ்க் ஓயாமல் சுழல்கிறது. நாளை இது போகும் கிராமத்து மருத்துவமனையில் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் இதற்கும் சேர்த்து ஒரே சோலார் பேட்டரி. வேலையில்லாத நேரத்தில் டிஸ்க் தூங்கியே ஆகவேண்டும். அதைத் தூங்கவைக்கும் கெர்னல் நிரலை ஜெரோட்டிச் ஒன்பதாவது முறையாகத் திருத்தியிருக்கிறாள். "இன்னும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. விடு ஜெரோட்டிச், உகாலிக் களி ஆறிப்போகுது," என்கிறான், தூங்கிவிட்டதா என்று நிமிடத்துக்கொரு தரம் கட்டளை தட்டி டிஸ்க்கை நலம் விசாரிக்கும் சக ஊழியன் வன்யோன்யி. அவளுக்குச் சட்டென்று பொறிதட்டுகிறது. "தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு உலுக்கிக்கிட்டே இருந்தா எந்தப் பிள்ளைப்பா தூங்கும்?" விசைப்பலகையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை டிஸ்க்கின் மேல் பதிக்கிறாள். தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. பத்து நிமிடம் யாரும் ஒரு கட்டளையும் தட்டவில்லை. கைக்கடியில் அதிர்வு தேய்ந்து தேய்ந்து, சின்னதாய் ஒரு சொடுக்குடன் அடங்குகிறது. "உகாலியை இங்கயே கொண்டா," என்று கிசுகிசுக்கிறாள், கையை எடுக்காமல்.