பத்தாவது கோடு

தாபோடி குவார்ட்டர்ஸில் எங்கள் சமையலறைக் கதவில், மகள் நிகிதாவின் உயரத்தைப் பிறந்தநாள்தோறும் பென்சிலால் குறித்துவந்தோம். ஐந்தாவது கோடு போட்ட மழைக்காலத்தில் அவளைப் பாம்பு கடித்தது; அவள் பிழைக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாள் காலையிலும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு பாம்புச் சட்டை கிடக்கும். என் மனைவி செல்வி அதைக் கதவோரம் நீட்டிப் பிடித்துக் கோடு போடுவாள். ஆண்டுக்கு நாலு விரல் கூடியது.

நேற்று பாம்பு பிடிப்பவரை வரவழைத்தேன். சிலிண்டருக்குப் பின்னால் பிடித்த நாகத்தைப் பையில் போட்டுக் கட்டி, கடக்வாஸ்லா பக்கம் காட்டில் விடுவதாகச் சொன்னார். செல்வி வாசலை மறித்தாள்.

"நாளைக்கு அவளுக்குப் பத்து வயசுங்க" என்றாள் என்னிடம்.

நான் அவளை விலக்கினேன். அவர் பையோடு போய்விட்டார்.

இன்று காலை சிலிண்டருக்குப் பின்னால் எதுவும் இல்லை. கதவில் பத்தாவது கோடு இருந்தது. நான் போடவில்லை. செல்வி இன்னும் எழுந்திருக்கவில்லை.