செலவு போக மிச்சம்

நீர் வற்றியிருந்த நேரம் பார்த்து, அரசாங்கத்துச் சேதியோடு கரையோரச் சேற்றில் வந்து இறங்கியது கூழைக்கடா. கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதாம், தோண்டப் போகிறார்களாம். நண்டுகள் எல்லாம் வளையைக் காலி செய்ய வேண்டுமாம்.

"பயப்படாதீங்க. கிடைக்கிறதில் எல்லாருக்கும் பங்கு உண்டு" என்றது.

நண்டுகள் சந்தோஷத்தில் கொடுக்கைத் தட்டின. ஒற்றைக் கொடுக்கு நண்டு மட்டும் முன்னால் வந்தது.

"பங்கு எப்போய்யா? எண்ணெய் வந்ததுமா?"

"தோண்டின செலவு போக மிச்சத்தில்."

"செலவு எவ்வளவுன்னு யார் சொல்றது?"

"தோண்டுறவங்கதான். வேற யாருக்குத் தெரியும்?"

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! எண்ணெயே வரலைன்னா?"

"குழியை உங்களுக்கே விட்டுடுவோம்."

கொடுக்குச் சத்தம் நின்றுபோனது.

"எங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா?"

"அதைக் கேட்கத்தானே இப்போ கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சிருக்கோம்! கலங்கரை விளக்கத்து உச்சியில். வராதவங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்குவோம்."

சொல்லிவிட்டுச் சிறகை விரித்தது கூழைக்கடா. நண்டு பாய்ந்து அதன் காலைக் கவ்வியது.

"ஐயோ, விடு! வலிக்குது!"

"வலிக்கட்டும். கூட்டம் முடியற வரைக்கும் விடமாட்டேன். பறய்யா மேலே!"

அது எழும்புவதற்குள் இந்த நண்டின் காலை அடுத்த நண்டு பிடித்துக்கொண்டது. அதன் காலை இன்னொன்று பிடித்தது. சேறு முழுக்க நண்டுகள் ஓடி வந்துகொண்டிருந்தன.